ரசிகர்கள் அனைவரும்

பூக்கடைக்காரி தொலைபேசியில் கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. பூவோடு வைக்கிற பலகையில் யார் பெயரைப் போடுவது என்றுதான் கேட்டாள். நிவாதான் ரிசீவரை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"பேர் கண்டிப்பா வேணுமா?"

"பேரில்லாம பூ போய் நின்னா, யாரோ மிரட்டுற மாதிரி இருக்கும் சார். தனி ஆளா அனுப்புறீங்களா, பல பேர் சேர்ந்தா?"

நிவா தன் அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கம்பியில் காயும் நீலச் சீருடை.

"சேர்ந்துதான்," என்றார்.

"அப்ப 'ரசிகர்கள் அனைவரும்'னு போட்டுடறேன். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"எல்லாரும் போடுற மாதிரியே போட்டுடுங்க."

ரிசீவரை வைத்த பிறகு அவருக்கு வியர்த்திருந்தது. பொய் என்று அதைச் சொல்லிவிட முடியாது என்று தேற்றிக்கொண்டார். கடைக்காரி கேட்டாள், வாயில் வந்தது, அவ்வளவுதான். தனி ஆளாக ஒரு ஐம்பத்தொரு வயதுக்காரர் ஆளுயரத்துக்குப் பூ அனுப்பினால் அதைப் பெறப்போகிற பாடகிப் பெண் பயந்துபோக மாட்டாளா?

நிவா மொரிஹிசாவுக்கு நகோயாவில் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே தெரு, அதே வீடு. வாசலில் குனிந்து இரும்பு மூடியைத் தூக்கி, எண்ணைப் பார்த்து, சீட்டைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். யாரிடமும் பேசத் தேவையில்லை. ஆனால் இருபத்தாறு வருடம் எண்களையே பார்த்துவிட்டதால் வீட்டுக்குள் நடப்பது ஓரளவு தெரிந்துவிடும். எண் திடீரென்று ஏறினால் குழந்தை பிறந்திருக்கும். பாதியாக இறங்கினால் ஒருவர் போயிருப்பார். செத்தா, சண்டை போட்டா என்பதெல்லாம் மீட்டருக்குத் தெரியாது.

அவர் வீட்டு எண் பாதியானது பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். அந்தப் பகுதியைப் பார்க்கிற சக ஊழியர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை நிவாவின் வேலையிடத்துப் பெட்டிக்குள் சூடு ஆறாத காப்பி டின் ஒன்று இருந்தது. அலுவலகத்தில் அந்த விவாகரத்தைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

'நனைந்த காலுறை' என்ற இசைக்குழு அவர் வாழ்க்கைக்குள் வந்ததும் மீட்டர் வழியாகத்தான். ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு பழைய அடுக்ககத்தின் வாசலில், மீட்டர் மூடிக்கு மேலே டிரம் பெட்டிகள் அடுக்கியிருந்தன. உள்ளேயிருந்து ஓடிவந்த இளைஞன் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பெட்டிகளை நகர்த்தினான். போகும்போது நிவாவின் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தான். "வாங்க சார், ஞாயித்துக்கிழமை. யாருமே வர மாட்டாங்க, நின்னு பார்க்க நல்லா இடம் இருக்கும்."

அந்த இளைஞன்தான் டிரம் வாசிக்கிற ககேரு. அடுத்த மாதமே வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டான். நிவா அந்த ஞாயிற்றுக்கிழமை போனார். அதற்கடுத்த நிகழ்ச்சிக்கும் போனார். பாத்திரம் கழுவிக்கொண்டே தனக்குத்தானே பேசிக்கொள்கிறவளைப் போலப் பாடுகிற செனா, தாடி வைத்த பேஸ் கிதார்க்காரர், ககேரு - மூன்று பேர். நிவா இதுவரை நாற்பத்தொரு தடவை பார்த்துவிட்டார். ஒரு தடவைகூட அவர்களோடு பேசியதில்லை. கடைசிப் பாட்டின் கைதட்டல் அடங்குவதற்குள் படியேறித் தெருவுக்கு வந்துவிடுவார். இருந்தால் பேச வேண்டிவரும், பேசினால் என்ன பேசுவது?

ஒன்பது வருடத்தில் முதல் முழு ஆல்பம் வெளிவருகிறது என்ற அறிவிப்பைப் பார்த்த அன்றுதான் அவருக்குப் பூ அனுப்பத் தோன்றியது.

வெளியீட்டு நிகழ்ச்சி நகரின் இமாயிகே பகுதியில், 'அலமாரி' என்கிற நிலவறை இசையரங்கில். பெயருக்கேற்ற அளவுதான் அந்த இடமும். ஞாயிறு மாலை நான்கரைக்குக் கதவு திறக்கும் என்று போட்டிருந்தது. நிவா மூன்றரைக்கே எதிர்ச்சாரி மருந்துக்கடை ஓரமாகப் போய் நின்றுகொண்டார், பூ வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான்.

வந்திருந்தது. ஆனால் நடைபாதையில் நின்றது. படிக்கட்டு குறுகல் என்பதால் கீழே இறக்க முடியாமல் அப்படியே வெளியே நிறுத்திவிட்டார்கள். மஞ்சளும் வெள்ளையுமாக, தலைக்கு மேலே உயர்ந்து, இசைக்குழுவின் பெயரையும் அதற்குக் கீழே 'ரசிகர்கள் அனைவரும்' என்ற பலகையையும் சுமந்துகொண்டு, புதிதாகத் திறந்த சூதாட்டக் கடைக்கு வந்த பூவைப் போல நின்றது.

இந்த ஊரில் வாசலில் வைத்த வாழ்த்துப் பூவை அதிர்ஷ்டம் என்று சொல்லித் தெருவில் போகிறவர்கள் உருவிக்கொண்டு போவார்கள் என்று நிவாவுக்குத் தெரியாதா? இங்கேயே பிறந்து வளர்ந்தவர்தானே. கீழே கொண்டுபோய்விடுவார்கள் என்று நம்பியதுதான் அவர் செய்த பிழை. சைக்கிளில் வந்த ஒரு பெண் இறங்கி நாலு லில்லியை உருவினாள். அவளைப் பார்த்து இன்னும் இருவர் வந்தார்கள். ஒரு பெரியம்மா கைப்பையிலிருந்து மடித்த செய்தித்தாளையும் சின்னக் கத்தரிக்கோலையும் எடுத்தாள். தயாராகத்தான் வந்திருக்கிறாள்.

"மெதுவாடி, தண்டை முறிக்காதே!"

"உனக்கென்ன, நீதான் ரோஜாவெல்லாம் அள்ளிட்டியே."

"சீக்கிரம் காலியானாத்தான் அவங்களுக்கும் நல்லது. நாம பண்றது புண்ணியம்!"

நிவா தெருவைக் கடந்துவந்து பக்கத்தில் நின்றார். என்ன சொல்லித் தடுப்பது? "இது என் பூ" என்றா? பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன தம்பி, வெறுங்கையோட நிக்கிறீங்க? கூச்சப்பட்டா அதிர்ஷ்டம் வருமா? இந்தாங்க." வாடிய ஓரம் கொண்ட ஒரு வெள்ளைப் பூவை அவர் கையில் வைத்தாள். பிறகு பலகையைப் படித்தாள். "அனைவருமா! பெரிய கூட்டமாத்தான் இருக்கும் போல."

"இருக்கும்," என்றார் நிவா.

இருபது நிமிடத்தில் கம்பிக்கால்களும், பச்சை ஸ்பாஞ்சும், அந்தப் பலகையும் மட்டும் மிச்சம். வாடிய பூவைச் சட்டைப் பைக்குள் வைக்கவும் முடியாமல், எறியவும் மனமில்லாமல், மருந்துக்கடை வாசல் தொட்டிச் செடிக்குள் செருகிவிட்டு, கதவு திறந்ததும் படியிறங்கினார்.

வாசலில் இருந்த பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "இன்னைக்கு யாரைப் பார்க்க வந்தீங்க?"

அன்று மூன்று குழுக்கள். எந்தக் குழுவைப் பார்க்க வந்தோம் என்று சொன்னால் அவள் தாளில் அதன் பெயருக்கு நேராக ஒரு கோடு போடுவாள். எந்தக் குழுவுக்கு எவ்வளவு கூட்டம் என்று நிகழ்ச்சி முடிந்ததும் முதலாளி அந்தக் கோடுகளைத்தான் பார்ப்பார். நிவா குரலைத் தாழ்த்தி "நனைந்த காலுறை" என்றார். தலைகீழாகத் தெரிந்த தாளில், இரண்டாவதாக வாசிக்கப்போகிற கல்லூரிப் பையன்களின் பெயருக்கு நேரே கோடுகள் வேலி போல நின்றன. தன் குழுவின் பெயருக்கு நேரே அவருடையதையும் சேர்த்து நாலே கோடு.

தூணுக்கு இடப்பக்கம் அவர் இடம். வலப்பக்கம் எப்போதும் ஒரு பெண் நிற்பாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், லெமன் சோடா குடிப்பாள், பாட்டுக்குத் தலையாட்ட மாட்டாள். ஆறு வருடமாக ஒரு தூண் இடைவெளியில் நிற்கிறார்கள். பார்த்தால் மோவாயை ஒரு விரற்கடை இறக்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான் பழக்கம்.

அன்று அவள் வாடிய முகத்தோடு தூணைச் சுற்றி வந்தாள்.

"ஒண்ணு கேட்கலாமா? நீங்க அதுல சேர்ந்தீங்களா?"

"எதுல?"

"பூவுல. மேலே பார்த்தீங்களே, 'அனைவரும்'னு."

நிவா கையில் இருந்த ஊலாங் தேநீரை ஒரு மிடறு குடித்தார். "இல்லையே," என்றார்.

அவள் முகம் சட்டென்று மலர்ந்தது.

"அப்பாடா! நான் மட்டும்தான்னு நினைச்சேன். படியிறங்கும்போதே நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எல்லாரும் பேசி வெச்சு, காசு போட்டு, நம்மளை மட்டும் விட்டுட்டாங்க பாருங்க. யாரா இருக்கும்? எப்பவும் வர்ற அந்தத் தொப்பிக்காரரா?"

"இருக்கலாம்."

"அந்த ஆளு என்னைப் பார்த்தா கண்டுக்கவே மாட்டாரு, அவராத்தான் இருக்கும். என் பேரு கனியே. பல் செட் செய்யற இடத்துல வேலை. நாள் பூரா வேறொருத்தர் வாயைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், ஆனா பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது." தன் நகைச்சுவைக்குத் தானே கொஞ்சம் சிரித்துக்கொண்டாள்.

"நிவா. தண்ணி மீட்டர்."

"நல்ல ஜோடி. விடுபட்டவங்க சங்கம்."

ஆறு வருடத்தில் இந்த நிலவறையில் யாரும் அவரோடு இவ்வளவு பேசியதில்லை. இல்லாத ஒரு கூட்டம் தங்களை ஒதுக்கிவிட்டது என்பதுதான் அந்தப் பேச்சுக்கே ஆதாரம் என்று நினைக்கும்போது தேநீர் உள்ளே இறங்கவில்லை. முதல் குழு வாசித்தது. கல்லூரிப் பையன்கள் வாசித்தார்கள். இடையிடையே அவள் குனிந்து அவர் காதில் தொப்பிக்காரரைப் பற்றி ஏதாவது சொன்னாள். பையன்கள் முடித்ததும் அவர்களைப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் படியேறிப் போய்விட்டார்கள். வெளியீட்டு விழாக்காரர்கள் மேடைக்கு வந்தபோது மிஞ்சியது பதினாலு, பதினைந்து பேர். அவர்களும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மேடைக்கு முன்னால் தரை வெறிச்சோடிக் கிடந்தது. செனா வழக்கம்போல "ஒரு அடி முன்னாடி வாங்களேன்" என்றாள். வழக்கம்போல யாரும் நகரவில்லை.

புதிய பாட்டுகள் நன்றாக இருந்தன. நிவாவால் ஒன்றையும் முழுதாகக் கேட்க முடியவில்லை, ஏனென்றால் மேடையில் ஒலிபெருக்கி மேல் அந்தப் பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் செனா அதைக் கையில் எடுத்தாள்.

"பூ எல்லாம் போயிடுச்சு. நம்ம ஊரு அம்மாக்கள் கைவேகம் தெரியுமில்ல, இது ஒண்ணைத்தான் விட்டு வெச்சிருக்காங்க." சிலர் சிரித்தார்கள். அவள் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "உண்மையைச் சொல்லிடறேன். இந்த ஆல்பத்தோட நிறுத்திடலாம்னு போன வாரம் மூணு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். அழுகையெல்லாம் இல்ல, சும்மா, சரி போதும்னு. இன்னைக்கு மத்தியானம் வந்தா இது வாசல்ல நிக்குது. நாங்க பார்க்கிறப்போ நீங்க எல்லாரும் தனித்தனியாத்தான் நிப்பீங்க, ஒருத்தரோட ஒருத்தர் பேசவே மாட்டீங்க. எங்களுக்குத் தெரியாம எப்பவோ சேர்ந்திருக்கீங்க. எங்க பாட்டு அதைச் செஞ்சிருக்குன்னா, இன்னும் கொஞ்ச நாள் வாசிக்கலாமேன்னு தோணுது."

தாடிக்காரர் தரையைப் பார்த்தார். செனா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அதனால அந்த அனைவரும் முன்னாடி வாங்க. போட்டோ எடுத்துக்கலாம்."

யாரும் அசையவில்லை. தொப்பிக்காரர் திரும்பித் தூணைப் பார்த்தார். சுவரோரம் நின்ற இளம் ஜோடி தொப்பிக்காரரைப் பார்த்தது. ஒவ்வொருவர் முகத்திலும், கனியேயின் முகத்தில் முன்பு பார்த்த அதே வாட்டத்தை நிவா பார்த்தார். அத்தனை பேரும் தாங்கள் மட்டும்தான் விடுபட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"யாரும் கடிக்க மாட்டாங்க, போட்டோதான்!" என்று டிரம்முக்குப் பின்னாலிருந்து ககேரு கத்தினான்.

"எங்கே, வரட்டும் பார்ப்போம்," என்று கனியே முணுமுணுத்தாள். "யாருன்னு தெரிஞ்சிடும் இன்னைக்கு."

செனாவின் சிரிப்பு உதட்டிலேயே நின்று, மெல்ல ஓரங்களில் தளர ஆரம்பித்தது. இன்னும் சில நொடி போனால், அப்படி ஒரு கூட்டமே இல்லை என்று அவள் புரிந்துகொண்டுவிடுவாள். நிவா கோப்பையைத் தூணடியில் வைத்தார். கால்கள்தான் முடிவெடுத்தன. வெறுந்தரையைக் கடக்க ஏழெட்டு அடிதான். முதுகுக்குப் பின்னால் கனியே மூச்சை இழுத்த சத்தம் அவருக்குக் கேட்டது.

செனா குனிந்து அவருக்குக் கைகொடுத்தாள். ஆனால் அவள் கண் அவர் தோளுக்கு மேலே தாண்டி, அடுத்து வருகிறவர்களைத் தேடியது.

"மத்தவங்க?"

"அவங்களுக்கு... இன்னைக்கு வர முடியல," என்றார் நிவா. "நான் அவங்க சார்பா."

"பிரதிநிதி!" என்று ககேரு குச்சிகளைத் தட்டினான். அவனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மூன்று பேருக்கு நடுவே நிறுத்தி, பலகையை அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். மார்போடு பிடித்த அந்தப் பலகை, தேர்வில் தோற்ற பையனின் கழுத்தில் மாட்டிய அட்டையைப் போல அவருக்குக் கனத்தது.

கடைசிப் பாட்டும் முடிந்தது. வழக்கப்படி அவர் இந்நேரம் தெருவில் இருக்க வேண்டும். ஆனால் செனா மேடையிலிருந்து இறங்கும்போதே "பிரதிநிதி சார், போயிடாதீங்க!" என்று பிடித்துக்கொண்டாள். சிடி அடுக்கிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து தடித்த பேனாவின் மூடியைத் திறந்தாள்.

"இது எங்க அன்பளிப்பு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா கையெழுத்துப் போட்டுத் தர்றேன், நீங்க கொண்டுபோய்க் குடுத்துடுங்க. முதல்ல உங்க பேரு?"

"நிவா."

எழுதினாள். அழகான, பெரிய எழுத்து. மை காய்வதற்கு ஊதி, அவர் பக்கம் தள்ளினாள். இன்னொரு சிடியை எடுத்தாள்.

"அடுத்து?"

ஏதாவது ஒரு பெயர் போதும். அவர் தினமும் நூறு தபால் பெட்டிகளில் நூறு பெயர்களைப் படிக்கிறவர். ஒரே ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை.

"சொல்லுங்க, அடுத்து?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா?"

"நான் மட்டும்தான். வேற யாரும் இல்ல. பூக்கடையில பேர் கேட்டாங்க... என் பேரைப் போடக் கூச்சமா இருந்துச்சு. மன்னிச்சுடுங்க." அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

செனா கொஞ்ச நேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள், பக்கத்தில் இருக்கும் ககேருவுக்குக் கேட்காத குரலில்.

"எங்க முதல் நிகழ்ச்சிக்கு முன்பதிவுப் பட்டியல்ல பதினோரு பேர் இருந்தாங்க சார். பதினொண்ணும் நானே இட்டுக்கட்டி எழுதின பேரு. முதலாளி கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் காத்திருந்தாரு, பாவம். ரயில் லேட் போலன்னு நானே சொன்னேன்."

நிவா நிமிர்ந்தார். "அப்ப... நிறுத்திடுவீங்களா?"

"தெரியல," என்றாள். பொய் சொல்லத் தெரிந்தவள், ஆனாலும் அப்போது சொல்லவில்லை. "மத்த ரெண்டு பேர் கிட்ட சொல்லணும் முதல்ல. இன்னைக்கு வேண்டாம். இன்னைக்கு அவங்க சந்தோஷமா இருக்காங்க." சிடியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள். "பூ நல்லா இருந்துச்சு. மத்தியானம் நான் பார்த்தப்போ ஒரு லில்லிகூட குறையாம இருந்துச்சு."

அவர் நகர்ந்து வழிவிட்டபோதுதான், வரிசையில் தனக்குப் பின்னால் யார் நின்றது என்று பார்த்தார். கனியே. கையில் வைத்திருந்த சிடியை மேஜையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் படியேறினாள்.

தெருவில் இன்னும் வெளிச்சம் போகவில்லை. அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். நிவா இரண்டடி தள்ளிப் போய் நின்றார். நடுவில் தூண் இல்லாதது என்னவோ போல் இருந்தது.

"நீங்க இல்லைன்னு சொன்னப்ப," என்றாள், அவரைப் பார்க்காமல், "எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

"தப்புதான்."

"பொய் சொன்னதுக்குக் கோபம் இல்ல. ஆறு வருஷமா பக்கத்துல நிக்கிறேன். பூ அனுப்பலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பலகையில போட்டதுல பாதியாவது உண்மையா இருந்திருக்கும்."

அவள் சொன்னது கணக்குப்படி சரியாக இருந்தது.

"அடுத்த நிகழ்ச்சி நடந்தா..." என்று ஆரம்பித்தார்.

"நடக்குமான்னே தெரியாது."

"நடந்தா, முன்னாடியே உங்ககிட்ட சொல்றேன்."

"சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? உங்க நம்பர்..."

பேருந்து வந்து நின்றது. கதவு உஸ்ஸென்று திறந்தது. அவள் ஏறி, அட்டையைக் காட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒருவேளை அவர் கேட்டது அவள் காதில் விழவில்லை. விழுந்தும் இருக்கலாம். பேருந்து கிளம்பும்போது, நிலவறையில் செய்வது போல மோவாயை ஒரு விரற்கடை இறக்கினாள். நிவாவும் இறக்கினார்.

அவரும் அதில் ஏறியிருக்கலாம். அவர் வீட்டுக்குப் போகிற பேருந்தும் அதுதான் என்பது, வளைவில் அதன் பின்விளக்குகள் மறைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.